கப்பல் வாணிகக் குறிகளும் எல்.ஈ.டி. விளக்கு இறக்குமதியும்

சீன தேசத்தின் குவாங்டோங் மாகாணத்திலே, ஜொங்ஷான் நகரைச் சார்ந்த குஜென் என்னும் ஊர் விளக்குத் தொழிலுக்குப் பேர்போனது. அவ்வூர் உற்பத்தியாளர் இருவரிடம் ஒரே தரமும் ஒரே தொகையுமான எல்.ஈ.டி. மின்குமிழ்களுக்கு விலை கேட்கிறோம் என வைத்துக்கொள்வோம். ஒருவர், “எவ்.ஓ.பி. நான்ஷா, 5,000 டொலர்” என எழுதுகிறார். மற்றவர், “சி.ஐ.எவ். கொழும்பு, 5,120 டொலர்” என எழுதுகிறார். எவருடைய விலை மலிவானது? நூற்றிருபது டொலருக்குக் கடல் கடந்து கொழும்புக்கே கொண்டுவந்து தருகிறேன் என்பவர் விலையே மலிவு என்று பெரும்பாலோர் உடனே விடை கூறுவர். அவ்விடை எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வதே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி. எம் பழைய மாணவருட் கடை நடத்துவோர் பலர். வர்த்தகப் பிரிவில் இன்று பயில்வோர் நாளை அத்துறை புகுவோர். இரு சாராருக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

எவ்.ஓ.பி., சி.ஐ.எவ். முதலிய மூவெழுத்துக் குறிகள் வெறும் சுருக்கெழுத்துக்களல்ல. ஒவ்வொன்றும் ஓர் உடன்படிக்கையைத் தன்னுள் அடக்கியது. ஒரே குறியை ஒரு நாட்டார் ஒருவிதமாகவும் மற்றொரு நாட்டார் வேறுவிதமாகவும் பொருள்கொண்டு வழக்காடிய காலம் இருந்தது. அக்குழப்பத்தை நீக்கும் பொருட்டுப் பாரிஸ் நகரிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936ஆம் ஆண்டில் ‘இன்கோடேர்ம்ஸ்’ என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டது. பின்னர் அது பன்முறை திருத்தப்பெற்றது. 2020 சனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பதிப்பிலே பதினொரு குறிகள் உள. அவற்றுள் நான்கு கடல்வழிக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மாத்திரம் உரியன. ஏனைய ஏழும் எவ்வழிப் போக்குவரத்துக்கும் பொருந்துவன.

எந்தக் குறியைக் கண்டாலும் இரண்டு வினாக்களை வேறு வேறாகக் கேட்டல் வேண்டும். எதுவரை செலவு விற்பவருடையது? எதுவரை ஆபத்து விற்பவருடையது? இவ்விரண்டும் ஒரே இடத்தில் முடியும் என்று கருதுவதே பெரும்பாலான இடர்ப்பாடுகளுக்கு வித்து. சில குறிகளில் அவை ஒரே இடத்தில் முடியும். சிலவற்றில் ஓராயிரம் கடல்மைல்களுக்கு மேல் விலகி நிற்கும்.

முதலிலே ‘எக்ஸ் வேர்க்ஸ்’ என்பதைப் பார்ப்போம். இதிலே விற்பவர் தம் தொழிற்சாலை வாயிலிற் பொருளை வைத்துவிட்டாற் போதும். நம் வண்டியில் ஏற்றிவிடும் கடமைகூட அவருக்கு இல்லை. சீனச் சுங்கத்தில் ஏற்றுமதி அனுமதி பெறுவதும் வாங்குபவர் பொறுப்பே. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் அதனை எவ்வாறு செய்வார்? விலை குறைவாகத் தோன்றினும், புதியவர்களுக்கு இது ஏற்றதன்று என்பதே எமது கருத்து. இதற்கு அடுத்துள்ள எவ்.சி.ஏ. என்பது பெரிதும் நன்று. குறித்த இடத்தில் நம்முடைய சரக்கனுப்பு முகவரிடம் பொருளை ஒப்புவிப்பதும் ஏற்றுமதி அனுமதி பெறுவதும் அங்கே விற்பவர் கடன்.

எவ்.ஓ.பி. யாவரும் அறிந்தது. குறித்த துறைமுகத்திலே கப்பலின்மீது பொருள் ஏற்றப்பட்ட கணத்தில் ஆபத்து வாங்குபவரைச் சாரும். முற்காலத்திற் கப்பலின் விளிம்பைப் பொருள் கடப்பதே எல்லையாக இருந்தது. பாரந்தூக்கியிலே தொங்கும் பெட்டி விளிம்புக்கு இப்பால் விழுந்ததா அப்பால் விழுந்ததா என்று வழக்காட இடந்தந்த அவ்விதியை 2010ஆம் ஆண்டுப் பதிப்பு நீக்கிவிட்டது. ஆயினும் கொள்கலனில் வரும் சரக்குக்கு எவ்.ஓ.பி. முற்றும் பொருந்துவதன்று. விற்பவர் தம் பெட்டிகளைக் களஞ்சியத்தில் ஒப்புவித்துப் பல நாட்கள் சென்ற பின்னரே கப்பல் வரும். அவ்விடைக்காலத்தில் பொருள் அவர் கையில் இல்லை, ஆபத்தோ அவருடையது. ஆகையால் கொள்கலனுக்கு எவ்.சி.ஏ. தகும் எனச் சம்மேளனமே கூறும். எனினும் அவ்விடைக்கால ஆபத்து விற்பவரிடம் இருப்பது வாங்குபவருக்கு நட்டமன்று. ஆதலின் நம்மவர் எவ்.ஓ.பி.யை விரும்புவதிற் பெரும் பிழை காணோம்.

இனி சி.ஐ.எவ். என்பதனை நின்று நோக்குதல் வேண்டும். விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றும் சேர்ந்தது அது. கொழும்புவரை கூலியை விற்பவர் கட்டுகிறார். ஆனால் ஆபத்து எங்கே மாறுகிறது? கொழும்பிலன்று, எவ்.ஓ.பி.யிற் போலவே சீனத் துறைமுகத்திற் கப்பலேறிய கணத்திலேயே மாறிவிடுகிறது. நடுக்கடலிற் பொருள் கெட்டால் விற்பவரிடம் நட்டஈடு கேட்க வழியில்லை. காப்புறுதிக் கம்பனியிடமே செல்லவேண்டும். அந்தக் காப்புறுதி எத்தகையது? விற்பவர் எடுக்கவேண்டிய தொகை உடன்படிக்கை விலையின் நூற்றுக்கு 110 வீதம்; நம் உதாரணத்தில் 5,632 டொலர். தொகை போதுமானதே. ஆனால் அதன் வகை ‘சி’ என்னும் மிகக் குறுகிய வகையாயிருந்தாற் போதும். தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதுதல் போன்றவற்றை அது தாங்கும். களவு, மழைநீரில் நனைதல், கையாளுகையில் உடைதல் ஆகியவற்றைத் தாங்காது. கண்ணாடிக் குழல் விளக்குக்கும் ஈரம் பட்டாற் கெடும் மின்சுற்றுக்கும் இப்பின்னவையன்றோ பெரும் பகை? ஆகவே சி.ஐ.எவ். வாங்குவோர், ‘ஏ’ வகைக் காப்புறுதி வேண்டும் என உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ளுதல் நன்று. சி.ஐ.பி. என்னும் குறியில் 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ‘ஏ’ வகை கட்டாயம்.

கடலாபத்து என்பது ஏட்டுப் பேச்சன்று. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றியது. அதிலே 1,486 கொள்கலன்கள் இருந்தன. சூன் 2ஆம் திகதி அது அமிழத் தொடங்கியது. அத்தகைய கப்பலில் எவ்.ஓ.பி.யாகப் பொருள் வாங்கிக் காப்புறுதி எடாதிருந்தவர் நிலை என்னாகும்? பொருளும் இல்லை, பணமும் இல்லை. மற்றொன்று: 2024 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரப் பாலத்தில் மோதிய டாலி என்னும் கப்பல் கொழும்பை நோக்கிப் புறப்பட்டதே. அதன் சொந்தக்காரர் ‘பொதுச் சேதம்’ அறிவித்தனர். கப்பலையும் சரக்கையும் காக்கச் செய்த செலவைச் சரக்குடையார் யாவரும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும் என்னும் பழைய கடல் வழக்கு இது. தம் பெட்டியில் ஒரு கீறலும் படாதவர்கூடப் பிணை கொடாமற் பொருளை மீட்டல் இயலாது. காப்புறுதி இருந்தால் அப்பிணையைக் கம்பனி ஏற்கும். ‘சி’ வகையும் இதற்குப் போதும்.

தொடக்கத்தில் எழுப்பிய கணக்குக்கு இப்போது வருவோம். நம் மின்குமிழ்கள் 8 கன மீற்றர் இடங்கொள்வன எனக் கொள்க. முழுக் கொள்கலனுக்குப் போதாமையாற் பிறர் சரக்குடன் சேர்த்தே அனுப்பப்படும். அவ்வகையில் ஒரு தொன் நிறை அல்லது ஒரு கன மீற்றர் இடம், இவற்றுட் கூடியதற்கே கூலி. விளக்குகள் நிறை குறைந்து இடம் மிகக் கொள்வன. எனவே இடத்துக்கே கூலி செலுத்துகிறோம். (விமானத்திலும் அப்படியே; ஒரு கன மீற்றரை ஏறத்தாழ 167 கிலோகிராம் எனக் கணிப்பர்.) எவ்.ஓ.பி.யாக வாங்கினால், நம் முகவர் கப்பற்கூலி 320 டொலரும் காப்புறுதி 30 டொலரும் கேட்கிறார், கூட்டினால் 5,350. சி.ஐ.எவ். விலையோ 5,120. இதுவரை 230 டொலர் ஆதாயமே. ஆனால் கப்பல் வந்தபின், விற்பவர் தேர்ந்த முகவருடைய கொழும்புப் பிரதிநிதி, கொள்கலன் பிரிப்புக் கூலி, பத்திரக் கூலி, ஒப்படைப்புக் கட்டளைக் கூலி எனக் கன மீற்றருக்கு 80 டொலர் வீதம் 640 டொலர் கேட்கிறார். நாமே தேர்ந்த முகவர் 20 டொலர் வீதம் 160 டொலருக்கு முன்னரே உடன்பட்டிருந்தார். இப்பொழுது சி.ஐ.எவ். 5,760, எவ்.ஓ.பி. 5,510. இவை விளக்கத்திற்காக யாம் வைத்துக்கொண்ட எண்களே, முறையோ உண்மையானது. கப்பற்கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்து, அக்குறையை இறங்குதுறையிற் பெறுபவர் தலையிற் சுமத்தும் வழக்கம் சீனத்துச் சேர்ப்புச் சரக்கு வாணிகத்திலே நன்கறியப்பட்டது. பத்திரம் அவர் கையில் இருக்கும்வரை பேரம் பேச நமக்கு இடமில்லை. ஆகையால் சி.ஐ.எவ். விலை தருபவரிடம், கொழும்பில் நாம் கட்டவேண்டிய கூலிகளின் பட்டியலையும் எழுத்திற் கேட்டுப் பெற்றபின்னரே ஒப்புக்கொள்க.

இலங்கைச் சுங்கம் வரிவிதிப்புக்குக் கொள்ளும் பெறுமதி, பொருள் விலையோடு காப்புறுதியும் கப்பற்கூலியும் சேர்ந்ததே. எவ்.ஓ.பி.யாக வாங்கினால் வரி குறையும் என்பது வீண் எண்ணம். உண்மையில், மேற்காட்டிய கணக்கிற் சி.ஐ.எவ்.க்கே வரி சிறிது குறையும். 230 டொலர் மீதான அச்சிறு வரி 250 டொலர் இழப்பை ஈடுசெய்யாது என்பதே வேறுபாடு.

டி.டி.பி. என்பது வரியும் கட்டி வீட்டு வாயிலிலே தருவதாகக் கூறும் குறி. சோம்பலுக்கு இனியது, ஆனால் பிற நாட்டு விற்பவர் நம் நாட்டுச் சுங்கத்தில் யார் பெயரால் வரி கட்டுவார்? எப்பெறுமதி காட்டுவார்? பத்திரம் நம் பெயரில் இல்லையேல் நாளைக்குக் கணக்குக் காட்டவும் இயலாது. குறைத்துக் காட்டிய பெறுமதி வெளிப்பட்டால் விசாரணை நம் கடைக்கே வரும்.

குறியை எழுதும்போது இடத்தையும் பதிப்பையும் சேர்த்தே எழுதுக. “எவ்.ஓ.பி. சீனா” என்பது பொருளற்றது, சீனக் கரையில் துறைமுகங்கள் பல. “எவ்.ஓ.பி. நான்ஷா துறைமுகம், இன்கோடேர்ம்ஸ் 2020” என்பதே முழுமை. அமெரிக்க வணிகர் தம் உள்நாட்டு வழக்கில் எவ்.ஓ.பி. என்பதை வேறு பொருளில் ஆள்வதும் உண்டு. பதிப்பின் பெயரைச் சேர்த்தால் அவ்வையம் எழாது.

இன்னொன்று. பொருளின் உரிமை எப்போது மாறும், பணம் எப்போது செலுத்தப்படும், குமிழ் ஆறு மாதத்தில் அணைந்தால் யார் பொறுப்பு என்பன பற்றி இக்குறிகள் ஒரு சொல்லும் கூறா. 230 வோல்ற்றுக்கு உரியதா, நம் வீடுகளின் கவ்வுதாங்கிக்குப் பொருந்தும் முனை கொண்டதா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானவற்றைத் திருப்பியனுப்பும் கூலி யாருடையது என்பனவெல்லாம் உடன்படிக்கையிலே தனித்தனி வாசகங்களாக எழுதப்படல் வேண்டும். பெட்டிகள் தொழிற்சாலையை விட்டுப் புறப்படுமுன் ஒரு பரிசோதகரை அனுப்பிச் சிலவற்றை எரித்துப் பார்க்கும் செலவு சிறிது. கொழும்பில் பெட்டி திறந்த பின்னர் அதைச் செய்வதிற் பயன் மிகக் குறைவு.