கொசுத்தேனீயின் பிசின்

கொட்டும் சக்தியில்லாத கொசுத்தேனீ, மரங்களில் கசியும் பிசினைப் பின்னங்கால்களில் சுமந்து வந்து, மெழுகுடன் கலந்து கூட்டின் வாயிலை அமைக்கின்றது. எறும்புகள் நுழையாதபடி பிளவுகளையும் அடைக்கின்றது.

இப்பிசினிலுள்ள குணமுள்ள வஸ்துக்களில் பெரும்பாலானவை மரஞ்செடிகளிலிருந்தே வருபவை. ஐரோப்பாவில் தேனீக்கள் பாப்லார் மொட்டுகளிலிருந்தும், பிரேஸிலில் பக்காரிஸ் செடியிலிருந்தும் பிசின் சேர்க்கின்றன. பிரேஸில் பிசினிலுள்ள ஆர்ட்டிபிலின்-ஸி பாப்லார் பிசினுக்குரியதன்று. ஆகவே ஒரு தேசத்துப் பிசினில் கண்ட குணத்தை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறலாகாது.

சோதனைச்சாலையில் பிசின்சாறு சில கிருமிகளை அடக்குவது மெய்யே. ஆயினும் சிலருக்கு அதனால் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். வைத்தியரைக் கேளாமல் புண்ணில் பூசுதல் தகாது.

தேன் எடுப்போர் வாயிற் பிசினைச் சுரண்டாது விடுதல் வேண்டும். அதுவே கூட்டிற்குக் கதவும் காவலுமாகும்.