கோலாவுக்கு இறக்கை வந்த கதை

கேள்வி: பறக்கும் மீன் நிஜமாகவே பறக்கிறதா? அதற்கு இறக்கை எப்படி வந்தது?

பதில்: நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்கள் இதைப் 'பறவைக் கோலா' என்பார்கள். பெயரில் பறவை இருந்தாலும் காகத்தைப் போல இறக்கையடித்து மேலே ஏற இதற்குத் தெரியாது. எழும்பிய வேகத்திலேயே காற்றில் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

இறக்கை என்று நாம் பார்ப்பதும் புதிதாக முளைத்த உறுப்பல்ல. பெரும்பாலான மீன்களுக்குச் செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு துடுப்பு இருக்கிறதே, அதுதான். கோலாவுக்கு அது நீண்டு விசிறியாகிவிட்டது. சில இனங்களில் வயிற்றுப்புறத் துடுப்புகளும் பெரிதாகி, நான்கு இறக்கை உள்ளது போலத் தோன்றும்.

ஆனால் மீனைக் கிளப்புவது இறக்கை இல்லை, வால். நீருக்குள் துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு கோலா மேல்நோக்கிப் பாய்கிறது. உடம்பு வெளியே வந்த பிறகும் வாலின் கீழ்க்கிளை மட்டும் தண்ணீரில் நிற்கும். அது மேல்கிளையைவிட நீளம். விநாடிக்கு 50 முதல் 70 தடவை வரை அது இடதும் வலதுமாக அடிக்க, அமைதியான கடலில் மீன் போன தடம் பாம்பு ஊர்ந்தது போல வளைந்து வளைந்து தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் கூடியதும் வாலும் நீரைவிட்டு எழுந்துவிடும். வேகம் தளர்ந்து தாழும்போது முழுவதும் முங்க வேண்டியதில்லை. வால் நுனியை மட்டும் நனைத்து நாலு அடி அடித்தால் மறுபடி கிளம்பிவிடலாம். இப்படித் தொட்டுத் தொட்டு 400 மீட்டர் வரை போகும். 2008இல் ஜப்பானின் யாகுஷிமா தீவருகே என்.எச்.கே. தொலைக்காட்சிக் குழு படம்பிடித்த மீன் ஒன்று 45 விநாடி மேலேயே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு 45 வரை எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நேரம் என்று புரியும்.

2010இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பொறியாளர்கள் பாடம் செய்த கோலாக்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். சறுக்குவதில் சில பறவைகளுக்கு இணையாக நின்றது மீன். நீர்ப்பரப்பை ஒட்டிப் போகும்போது இன்னும் சுலபமாகச் சறுக்கியது. அலைக்கு மேல் உரசாத குறையாகக் கோலா போவது சும்மா இல்லை.

சரி, ஏன் கிளம்புகிறது? உயிர்பயம்தான். கீழே சூரையும் மற்ற பெரிய மீன்களும் துரத்துகின்றன. கோலாவின் பங்காளியான முரலும் துரத்தினால் தண்ணீருக்கு மேல் துள்ளும். ஆனால் துள்ளிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். துடுப்பு கொஞ்சம் நீளமாக இருந்த மீன் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும், தப்பித்திருக்கும், குஞ்சு விட்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் துடுப்பு இறக்கையாவதில் ஆச்சரியமில்லை. பாவம், மேலே வந்தால் கடற்பறவைகள் காத்திருக்கும். அது வேறு கதை.

இந்த வித்தையைக் கண்டுபிடித்த முதல் மீனும் கோலா அல்ல. சீனாவின் குய்சோ மாகாணப் பாறைகளில் கிடைத்து, 2012இல் 'பொட்டானிக்திஸ்' என்று பெயரிடப்பட்ட புதைபடிவ மீனுக்கும் இதே நீண்ட துடுப்பு, இதே கீழ்நீண்ட வால். வயது 23 கோடி ஆண்டுகளுக்கு மேல். அது கோலாவின் பாட்டன் இல்லை. அந்த வம்சமே அற்றுப்போனது. வெகுகாலம் கழித்து வேறொரு மீன் குலம் இதையே மறுபடி புதிதாகக் கற்றிருக்கிறது.

கேள்வி: 'எக்சோசெட்' ஏவுகணைக்கும் இந்த மீனுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பிரெஞ்சு மொழியில் எக்சோசெட் என்றாலே பறக்கும் மீன்தான். கடல்மட்டத்தை ஒட்டிப் பாய்வதால் அந்தப் பெயர். 1982 பாக்லாந்து போரில் பிரிட்டனின் 'ஷெஃபீல்ட்' கப்பலைத் தாக்கியது இதுதான். எக்சோசெட் என்ற பெயரின் மூலம் கிரேக்கச் சொல். 'வெளியே படுப்பது' என்று பொருள். இரவில் கரையேறித் தூங்கும் மீன் ஒன்று உண்டு என்று பழங்காலக் கிரேக்கர்கள் நம்பினார்கள். 1758இல் லின்னேயஸ் அந்தப் பெயரைப் பறக்கும் மீனுக்குச் சூட்டினார். தூங்குமூஞ்சிப் பெயர் கடைசியில் ஏவுகணைக்குப் போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை.

கேள்வி: கோலா பிடிக்கப் போகிறவர்கள் தழைக்கட்டு கொண்டுபோவது எதற்கு?

பதில்: கோலா முட்டையில் ஒட்டும் நார்கள் இருக்கும். மிதக்கும் பாசி, குப்பை என்று எதிலாவது சுற்றிக்கொண்டால்தான் முட்டை மூழ்காமல் நிற்கும். நடுக்கடலில் அப்படி ஒரு பற்று கிடைப்பது அரிது. எனவே தழைக்கட்டை மிதக்கவிட்டால் முட்டையிட வந்த கூட்டம் தானாகச் சூழ்ந்துகொள்ளும். கைவலையால் அள்ள வேண்டியதுதான். சோழமண்டலக் கரையின் இந்த முறையைச் சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1920களிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

வைகாசி, ஆனியில் நாகைப் பக்கம் போனால் கோலாவை வாங்குவதற்கு முன் துடுப்பை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வாலையும் மறக்காதீர்கள்: கீழ்க்கிளை நீளமாக இருக்கும்.