கொசு சொல்லும் சாட்சி

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் பேருந்தில் சேத்தியாத்தோப்பைக் கடந்திருக்கிறீர்களா? வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டும், சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் வயல்களும் கொண்ட ஊர் அது. கடலூர் மாவட்டத்தின் இத்தகைய ஊர்களில், கால் பருத்து நடக்க இயலாமல் திண்ணையோடு இருந்துவிட்ட பெரியவர்களை உங்கள் தாத்தா பாட்டி அறிவார்கள். அந்த நோயே யானைக்கால் நோய்.

இதற்குக் காரணம் நூல் போன்ற ஓர் ஒட்டுண்ணிப் புழு. அதன் பெயர் உச்செரேரியா பேன்கிராப்டி. முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, எண்ணற்ற நுண்புழுக்களை ஈனுகின்றன. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, இரத்தத்தோடு நுண்புழுக்களையும் உறிஞ்சுகிறது. அவை கொசுவினுள் ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்தபின் அடுத்த மனிதரை அடைகின்றன.

நள்ளிரவுச் சோதனை

நுண்புழுக்கள் விந்தையானவை. பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்கிவிடும். கொசு கடிக்கும் இரவு வேளையில் தோலருகே வரும். ஆகவேதான் சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வந்து விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள்.

1996-இல் தமிழகத்தில் டி.இ.சி. மாத்திரையை ஆண்டுக்கொரு முறை அனைவருக்கும் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. கடலூர் அதன் முன்னோடி மாவட்டங்களுள் ஒன்று. இம்மாத்திரை நுண்புழுக்களை அழிக்கும். முதிர்ந்த புழுக்கள் எல்லாவற்றையும் அழிக்காது. எனவே நோயில்லாதவரும் பல ஆண்டுகள் விழுங்க வேண்டும்.

சரி, எப்போது நிறுத்துவது? அவசரப்பட்டால் நோய் திரும்பும். ஆயிரம் பேரில் ஓரிருவரிடம் மட்டும் புழு எஞ்சியிருந்தால் அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

புழுவின் கையொப்பம்

இங்கேதான் மரபணு ஆராய்ச்சி கைகொடுக்கிறது. உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ.யில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. இப்புழுவின் டி.என்.ஏ.யில் ஒரு சிறு எழுத்துத் தொடர் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. அது மனிதரிடமோ கொசுவிடமோ இல்லை. புழுவின் கையொப்பம் என்றே அதைச் சொல்லலாம்.

ஊரில் கொசுக்களைப் பிடித்து, இருபது இருபத்தைந்தாகச் சேர்த்து அரைத்து, டி.என்.ஏ.யைப் பிரிக்கிறார்கள். பிறகு பி.சி.ஆர். என்னும் முறையால் அத்தொடரை மட்டும் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும்! கூட்டத்தில் ஒரே கொசுவிடம் புழு இருந்தாலும் தெரிந்துவிடும். புதுச்சேரியில் 1975-இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இவ்வகை ஆய்வுகளைச் செய்துள்ளது.

ஒன்றை மறவாதீர்கள். கையொப்பம் கிடைத்தது என்றால், அந்தக் கொசு நோயைப் பரப்பியே தீரும் என்று பொருளல்ல. புழுவுள்ள ஒருவரின் இரத்தத்தை அது குடித்திருக்கிறது என்பதே பொருள். அதாவது அப்பகுதியில் புழு இன்னும் இருக்கிறது.

இலங்கையின் பாடம்

இலங்கையில் 2006-உடன் எல்லோருக்கும் மாத்திரை வழங்குவது நின்றது. பின்னர் காலி மாவட்டத்தில், சிறுவர்களின் இரத்தப் பரிசோதனை திருப்தியாக அமைந்தபோதும், கொசுக்களின் டி.என்.ஏ. புழு எஞ்சியிருப்பதைக் காட்டிக் கொடுத்தது. யானைக்கால் நோய் அந்நாட்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் ஏற்றது. அதன் பின்னும் கண்காணிப்பு தேவைப்பட்டது. நோய் கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு. ஒழிந்து போவது வேறு அல்லவா?

செய்து பாருங்கள்: ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காக முப்பது முறை பெருக்கிக்கொண்டே போங்கள். எத்தனையாவது சுற்றில் பத்து இலட்சத்தைத் தாண்டுகிறது?