புல் வெட்டும் டிராக்டரைக் கையாளும் முறை

தோட்டத்துப் பந்துத் திடலிலும் அலுவலகத்தைச் சுற்றியும் புல் வெட்டுவதற்கு, அமர்ந்து ஓட்டும் சிறு டிராக்டர் பயன்படுகின்றது. கார் ஓட்டத் தெரிந்தவர் இதனையும் ஓட்டிவிடலாம் என நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறானது.

இவ்வியந்திரத்தால் நேரும் உயிரிழப்புகளுக்கு அது கவிழ்வதே முதன்மைக் காரணம். ஆதலால் சரிவில் குறுக்காக ஓட்டாது, மேலும் கீழுமாகவே ஓட்டுதல் வேண்டும். நடுச்சரிவில் திருப்புதல் கூடாது. 15 பாகைக்கு மேற்பட்ட சரிவையும் கால்வாய்க் கரையையும் விட்டுவிடுதலே முறை. பனியோ மழையோ காயும்வரை காத்திருப்போமாக. ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கும்.

தொடங்குமுன் திடலை ஒருமுறை நடந்து பார்த்தல் நலம். கல், கம்பி, உடைந்த மங்கு ஆகியவற்றைத் தகடு வெகுதூரம் வீசியெறியும். பிள்ளைகளை மடியில் அமர்த்திக்கொள்ளுதல் அன்பன்று.

ஓட்டுநர் எழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் விசை இருக்கையின் அடியில் உண்டு. அதனைக் கம்பியால் கட்டிவைப்போரும் உளர்! புல் அடைத்துக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்து, தகடு முற்றும் நின்றபின் பிளக் கம்பியைக் கழற்றிய பிறகே கோலால் அகற்றுதல் வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் இயந்திரம் ஆறிய பின்னரே.

நிறுத்துகருவி பழுதாயின் மேற்பார்வையாளரிடம் உடனே கூறுவோம். 1994ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்பிலுள்ளது. உடனடி ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணமிருந்து, முதலாளி அதனை நீக்கத் தவறினால், அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அது நமக்கு அளிக்கின்றது.