பொய்யதிகாரிகளும் தொலைபேசியும்

அதிகாரத்துக்கு அஞ்சுதல் குடிமக்களுக்கு இயல்பு. அவ்வச்சம் முற்றிலும் தீயதன்று. சர்க்காரின் ஆணைக்கு மக்கள் அடங்கி நடத்தலாலன்றோ ஊர்களில் அமைதி நிலவுகின்றது? ஆயினும், நன்மையின்பொருட்டு அமைந்த அவ்வியல்பையே கருவியாகக் கொண்டு பிறர் பொருளைக் கவர்வாரும் எக்காலத்தும் உளர். அன்னார் இக்காலத்தில் தொலைபேசியின் வாயிலாக நம் இல்லங்களுள் நுழைகின்றனர். அவர்தம் சூழ்ச்சி யாது, அதனை அறிந்துகொள்ளுமாறு யாங்ஙனம், அதனின்று தப்புமாறு யாங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருசிறிது ஆராய்வாம்.

1. வேடத்தின் வலிமை

அதிகாரி வேடம் பூண்டு ஏமாற்றுதல் புதியதோர் தொழிலன்று. 1906 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16 ஆம் நாள், பெர்லின் நகரை அடுத்த கோப்பெனிக் என்னும் ஊரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. வில்ஹெல்ம் வோய்க்ட் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி, சேனைத் தலைவருக்குரிய பழைய உடை ஒன்றை அணிந்து, வழியிற் கண்ட போர்வீரர் சிலரைத் தம் பின்னே வருமாறு பணித்து, நகர மண்டபத்துட் புகுந்தார். நகரத் தலைவரைக் கைது செய்வித்தார். கருவூலத்திலிருந்த பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்தார். வீரர் உடைக்குப் பணிந்தனரேயன்றி, உடுத்தவர் யாவரென ஆராய்ந்திலர்.

இது பேதையர்க்கே நிகழ்வதென்று எண்ணுதல் தவறு. அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்து ஸ்டான்லி மில்கிராம் என்பார் 1963 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. ஆராய்ச்சியாளர் உடை தரித்த ஒருவர் அமைதியாகக் கட்டளையிட, அதற்குட்பட்ட 40 பேரில் 26 பேர், அடுத்த அறையிலிருந்தார்க்கு மின்னதிர்ச்சி தருவதாகவே நம்பி, 450 வோல்ட்டு என்று குறித்த இறுதிப் படிவரை சென்றனர். உண்மையில் அவ்வறையிலிருந்தார்க்கு அதிர்ச்சி ஏதும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் கொடியரல்லர்; நம்மையொத்த சாதாரண மக்களே. அதிகாரத்தின் குரல் கேட்குங்கால் நம் சொந்த அறிவு எத்துணை எளிதில் வாயடங்கி நிற்கின்றது என்பதற்கு இஃதொரு சான்று.

2. இக்காலத்துச் சூழ்ச்சி

இந்தியாவில் இவ்வஞ்சகத்துக்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்னும் பெயர் வழங்குகின்றது. அதன் நடைமுறை பெரும்பாலும் ஒரே தன்மைத்து.

முதலில் ஓர் அழைப்பு வரும். "உம் பெயரால் வெளிநாட்டுக்கு அனுப்பிய பார்சலில் போதை மருந்து அகப்பட்டது" என்றேனும், "உம் ஆதார் எண்ணைக் கொண்டு திறந்த பாங்கிக் கணக்கில் குற்றப்பணம் புழங்குகின்றது" என்றேனும், "உம் தொலைபேசி எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும்" என்றேனும் கூறுவர். நாம் மறுத்த அளவில், "அங்ஙனமாயின் போலீஸாரிடமே சொல்லுக" என்று அழைப்பை வேறொருவர்க்கு மாற்றுவர். அப்பால் வீடியோ அழைப்பு. போலீஸ் உடையணிந்த ஒருவர், பின்னே கொடியும் இலச்சினையும் விளங்க, ஓர் அலுவலகத்தில் வீற்றிருப்பார். முத்திரையிட்ட வாரண்டு ஒன்று நம் கைப்பேசிக்கு வந்து சேரும். "கேமராவை விட்டு அகலாதே, எவரிடமும் வாய்திறவாதே, திறந்தால் அவரும் சிறைப்படுவார்" என்பர். நாட்கணக்கில் அவ்வாறு அடைத்து வைத்து, முடிவில், "உம் பணம் நேர்மையானதென்று சோதிக்க வேண்டும், சர்க்கார் கணக்குக்கு அனுப்புக, சோதனை முடிந்ததும் திரும்ப வரும்" என்பர். இவ்வொரு சொல்லுக்காகவே அத்துணை நாடகமும் நடைபெறுகின்றது.

2024 ஆம் ஆண்டில் லூதியானா நகரத்துப் பெருந்தொழிலதிபர் ஒருவர், எண்பது வயது கடந்த முதியவர், இங்ஙனம் 7 கோடி ரூபாய் இழந்தார். அவருக்கென்று உச்ச நீதிமன்ற விசாரணை போன்றதொரு காட்சியையே வீடியோவில் நடித்துக் காட்டினர். அவ்வாண்டின் முதல் நான்கு மாதங்களில் மட்டும் இவ்வகை மோசடியால் மக்கள் இழந்தது 120 கோடி ரூபாய்க்கு மேற்பட்டதென்று மத்திய உள்துறை அமைச்சின்கீழ் இயங்கும் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் தெரிவித்தது.

3. ஒரு தலைமையாசிரியையின் வரலாறு

எமக்கு நன்கறிமுகமான ஓர் அம்மையார், முப்பதாண்டு ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தனித்து வாழ்பவர். அவர்க்கு ஒருநாட் காலை அவ்வழைப்பு வந்தது. இரண்டு இரவும் மூன்று பகலும் கைப்பேசியை எதிரே நிறுத்தி, உறங்கும்போதும் அதனை அணைக்காதிருந்தார். நாடோறும் பால் கொணரும் பெண் கதவைத் தட்டியபோதும், "உடம்பு சுகமில்லை, போய் வா" என்று உள்ளிருந்தே அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் வைப்புத்தொகையை முறிக்கப் பாங்கிக்குச் சென்றார். அங்கு எழுத்தராயிருந்தவர் அவரிடம் பயின்ற மாணவர். "டீச்சர், இவ்வளவு பணமும் ஏன் எடுக்கிறீர்கள்? யாராவது போனில் சொன்னார்களா?" என்று அவர் வினவினார். கைப்பையுள் அழைப்பு அறுபடாது இருந்தது. சொல்லிக்கொடுத்த விடையை அம்மையார் கூறினார்: "நிலம் வாங்கப் போகிறேன், தம்பி." 14 இலட்சம் ரூபாய் அன்று மாலையே சென்றது.

பின்னும் பதினொரு நாள் அவர் எவர்க்கும் சொல்லவில்லை. நாணம் தடுத்தது. சொன்னபோது, பணத்திற் பெரும்பகுதி பல கணக்குகளைக் கடந்து மறைந்துவிட்டது. "பணம் போயிற்று, போகட்டும். நாற்பது பிள்ளைகளை நிறுத்திப் பொய் சொல்லாதே என்று நாடோறும் சொன்ன நான், அவர்களில் ஒருவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேனே" என்று அவர் கூறியதை யாம் மறந்திலம். வஞ்சகர் பொருளை மட்டும் கவர்வதில்லை. நல்லோரைத் தம் நன்மைக்கே மாறாக நடக்கச் செய்கின்றனர். இக்கட்டுரை எழுதத் துணிந்ததும் அவர் இசைவுடன்தான்.

4. சட்டம் கூறுவது யாது?

அச்சத்தை நீக்கும் மருந்து அறிவே. ஆதலின் கைது என்பது யாதென அறிந்துகொள்ளுதல் நலம்.

2024 சூலை 1 முதல் வழங்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்தின் 43 ஆம் பிரிவின்படி, கைது செய்யும் போலீஸார் கைது செய்யப்படுவாரின் உடலைத் தொடுதல் வேண்டும், அல்லது அடைத்து நிறுத்துதல் வேண்டும். அவரே சொல்லாலேனும் செயலாலேனும் காவலுக்கு உட்பட்டால் அது வேண்டா. அங்ஙனம் உட்படுதற்கும் எதிரே ஓர் அதிகாரி நேரில் நிற்றல் வேண்டுமன்றோ? கம்பியில்லாத காற்றில் வந்த உருவம் எவரையும் தொடவியலாது. 36 ஆம் பிரிவு, அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிதல் வேண்டும் எனவும், கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, குடும்பத்தாரோ அவ்வூர்ப் பெரியவரோ ஒருவரேனும் சாட்சிக் கையொப்பமிடுதல் வேண்டும் எனவும் கூறுகின்றது. உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி தெரிவிக்கும் உரிமையும் கைதானவர்க்கு உண்டு. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துக என்று பணிக்கின்றது. இவற்றிலெல்லாம் ஊடுருவி நிற்கும் கருத்து ஒன்றே: கைது என்பது பிறரறிய நடைபெறுவது. 'எவர்க்கும் சொல்லாதே' என்னும் கட்டளை சட்டத்தின் குரலன்று.

நோட்டீசும் அவ்வாறே. விசாரணைக்கு வருகவென்று 35 ஆம் பிரிவின்படி போலீஸார் விடுக்கும் நோட்டீசை வாட்ஸ்அப் முதலியவற்றின் வழியே அனுப்புதல் கூடாதென்று 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

பணத்தைப் பற்றியும் ஒன்று நோக்குக. ஒருவர் கணக்கிலுள்ள பணம் குற்றத் தொடர்புடையதென்று போலீஸார் ஐயுற்றால், பாங்கிக்கு எழுதி அக்கணக்கை முடக்குவர். பணம் இருந்த இடத்திலேயே நிற்கும். அதனைப் பிறர் கணக்குக்கு மாற்றிச் 'சோதிக்க' வேண்டிய தேவை எந்த உத்தியோகஸ்தர்க்கும் இல்லை.

அதிகாரியாக நடிப்பதோ குற்றம். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே அதற்குத் தண்டனை இருந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 204 ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரையிற் சிறையும் அபராதமும் விதிக்கின்றது.

5. ஐந்து அடையாளங்கள்

வஞ்சகர் கதையை மாற்றுவர். இன்று பார்சல் என்பார், நாளை வருமான வரி என்பார், மறுநாள் மின்கட்டணம் என்பார். ஆதலின் கதையை நினைவிற் கொள்ளுதல் போதாது. அதன் உறுப்புக்களை நினைவிற் கொள்க. அவை ஐந்து: அச்சம், அவசரம், தனிமை, இரகசியம், பணம். முதல் இரண்டும் அறிவை மயக்குவன. அடுத்த இரண்டும் பிறர் அறிவு நமக்கு உதவாதவாறு தடுப்பன. இறுதியது அவர் நாடிய பயன். இவ்வைந்தும் ஓரழைப்பிற் கூடிவரின், பேசுவார் எத்துணை உயர்ந்த பதவியின் பெயரைக் கூறினும் அது பொய்யென்று துணிக.

திரையில் தோன்றும் எண்ணை நம்பற்க. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை உள்நாட்டு எண்போற் காட்டும் உபாயம் உண்டு. நம் பெயரும் முகவரியும் ஆதார் எண்ணும் அவர் சரியாகச் சொல்லுதலும் சான்றாகாது. அவை பலவிடங்களிலிருந்து கசிந்து விலைபோவன.

6. செய்யற்பாலன

முதலாவது, அழைப்பைத் துண்டித்துவிடுக. விடை கூறி வெல்ல முயலற்க. அதிகாரியிடம் மரியாதைக் குறைவாகுமோ என்று அஞ்ச வேண்டா. உண்மை அதிகாரி நம்மைத் தேடி வரும் வழி அறிவார்.

இரண்டாவது, பிறிதொருவரிடம் உடனே சொல்லுக. கணவனோ மனைவியோ மகளோ அண்டை வீட்டாரோ எவராயினும் ஆகுக. இம்மாயம் இரண்டாமவர் காதில் விழுந்த கணமே பெரும்பாலும் கலைந்துவிடும்.

மூன்றாவது, ஐயம் நீங்காதாயின் உள்ளூர்ப் போலீஸ் நிலையத்துக்கு நேரிற் செல்லுக. அவர் தந்த எண்ணை அழைத்து விசாரித்தல் திருடனையே சாட்சிக்கு அழைப்பதாகும். அவர் சொல்லும் எந்தச் செயலியையும் கைப்பேசியில் ஏற்றற்க.

நான்காவது, பணம் சென்றுவிட்டதாயின் நாணத்தால் ஒரு நாழிகையும் தாழ்க்கற்க. 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுக. பாங்கிக்கும் உடனே தெரிவிக்க. முறையீடு விரைந்து செல்லின், பணம் தங்கியுள்ள கணக்கை முடக்குதல் கூடும். முற்கூறிய லூதியானா முதியவர்க்கு இழந்த பணத்தில் 5 கோடிக்கு மேல் போலீஸாரால் மீட்கப்பட்டது. அழைப்பெண், செய்திகள், பணம் சென்ற இரசீது ஆகியவற்றை அழிக்காது வைத்துக்கொள்க. பின்னர், "இழந்ததை மீட்டுத் தருகின்றோம், கட்டணம் அனுப்புக" என்று வருவாரும் அக்கூட்டத்தாரே என்று அறிக.

7. மாணவர்க்கு ஒரு சொல்

இதுகாறும் முதியோரைக் குறித்தே பேசினோம். இச்சூழ்ச்சியில் இளைஞர்க்கும் ஒரு பங்குண்டு என்பதை வருத்தத்தோடு கூறவேண்டியுள்ளது. கவர்ந்த பணம் நேரே வஞ்சகர் கைக்குச் செல்வதில்லை. பலர் பெயரிலுள்ள கணக்குகளின் வழியே விரைந்து ஓடி மறைகின்றது. அக்கணக்குகளுட் சில, சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தம் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் 'வாடகைக்கு' விட்ட மாணவர்களுடையன. 'எனக்கொன்றும் தெரியாது' என்னும் விடை போலீஸார் முன் எளிதிற் செல்லாது. அதனினும் பெரியதொன்றுண்டு: அவ்வாடகை, மேலே கூறிய தலைமையாசிரியை போன்ற ஒருவரின் முதுமைக்கால உணவு.

வெளிநாட்டில் கணினி வேலை, உயர்ந்த சம்பளம் என்று கேட்டு மயங்கிச் சென்ற இளைஞர் பலர், மியான்மர், கம்போடியா முதலிய நாடுகளில் அடைபட்டு, இத்தகைய மோசடி அழைப்புக்களைச் செய்யுமாறு வதைக்கப்பட்டனர். தமிழ்நாட்டு இளைஞர் சிலரும் 2022 ஆம் ஆண்டில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டுத் திரும்பினர். ஆகவே தொலைபேசியின் மறுமுனையில் இருப்பாரும் சிலபோது மற்றொரு கைதியாதல் கூடும்.

முடிவுரை

2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இக்குற்றங்களைப் புலனாயுமாறு சி.பி.ஐ.க்குக் கட்டளையிட்டது. சர்க்காரும் நீதிமன்றமும் தத்தம் கடனைச் செய்க. நம் கடன் ஒன்றுண்டு. வரும் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தாத்தா பாட்டியரோடும், அடுத்த வீட்டில் தனித்திருக்கும் பெரியோரோடும் அரைமணி நேரம் அமர்ந்து, இவ்வைந்து அடையாளங்களையும் 1930 என்னும் எண்ணையும் சொல்லி வருக. "இப்படி அழைப்பு வந்தால் எந்நேரமாயினும் எனக்குச் சொல்லுங்கள், ஏமாந்திருந்தாலும் சொல்லுங்கள், நான் குறை கூறமாட்டேன்" என்று ஒரு வாக்குக் கொடுத்து வருக.

அத்தலைமையாசிரியையின் மாணவர் இன்றும் அப்பாங்கியில் உளர். முதியவர் எவரேனும் வைப்புத்தொகையை முறிக்க வரின், வினாவோடு நில்லாது, எழுந்து வந்து அருகமர்ந்து, கைப்பேசியை அணைக்கச் செய்த பின்னரே பேசத் தொடங்குகின்றார் என்று அறிகின்றோம். தம் ஆசிரியைக்கு அவர் செலுத்தும் காணிக்கை அது. நாமும் அவ்வண்ணம் ஒருவரையொருவர் காப்போமாக.