ஓட்டுநரின் இருக்கை

திருமலையிலிருந்து திருப்பதிக்கு இறங்கும் பேருந்துகள், 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதையில் வருகின்றன. அதன் வளைவுகளில் பயணிகள் ஒருநாள் குலுங்குவர். ஓட்டுநரோ நாள்தோறும் குலுங்குவார்.

எஞ்சினின் அதிர்வும் சாலையின் குலுக்கலும் இருக்கை வழியே அவரது முதுகெலும்பை அடைகின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. வளர்ந்தவரின் வட்டினுள் குருதிக்குழாய்கள் ஏறக்குறைய இல்லை; அருகிலுள்ள திசுக்களிலிருந்தே ஊட்டம் மெல்ல ஊறிச் செல்லும். ஆதலால் சிதைந்த வட்டு எளிதில் ஆறாது.

அமர்ந்திருப்பவரின் உடல், நொடிக்கு ஏறத்தாழ 5 முறை நிகழும் அதிர்வுக்கு மிகுதியாகக் குலுங்கும். தக்க நேரத்தில் தள்ளிய ஊஞ்சல் சிறுவிசைக்கே உயர எழுகிறதன்றோ, அதுபோலத்தான். பழுதடைந்த இருக்கை அவ்வதிர்வைப் பெருக்கவும் கூடும்.

சித்தூர்ப் பகுதி வயல்களில் டிராக்டர் ஓட்டுவோர் நிலை இதனினும் கடிது. மேடுபள்ளத்தில் குலுங்கியபடியே, பின்னால் வரும் கலப்பையைக் காண அவர்கள் இடுப்பைத் திருப்ப வேண்டும். இடுப்புவலி வந்தால் வயதைக் காரணம் காட்டுவோர் பலர். இருக்கையை நோக்குவோர் சிலரே. அதன் சுருள்வில்லை ஓட்டுநரின் எடைக்கேற்பத் திருத்தச் சில நிமிடங்கள் போதும்.

சொற்பொருள்: குருதி – இரத்தம், கடிது – கடுமையானது.

பயிற்சி: உங்களுக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் அவரது இருக்கையைப் பற்றிக் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.