ஐந்தடியில் நடக்கும் வாணிகம்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான், தெங்கு கிளானா சாலையில் எவரும் விரைந்து நடக்க இயலாது. மாலை கட்டும் கைகளைப் பார்க்க ஒருவர் நிற்பார். பின்னால் வருபவர் பலகாரக் கடையில் முறுக்கைச் சுவைத்துப் பார்ப்பார். தெரிந்தவர் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பு தொடங்கிவிடும். சேலை வாங்க வந்தவர் பூவும் மசாலைத் தூளும் சேர்த்து வாங்கித் திரும்புவது இப்படித்தான். காரில் கடந்து செல்பவருக்கோ மல்லிகையின் மணம்கூட எட்டாது.

இந்த நடைக்கு இடம் கொடுத்தது பழைய கடைவீடுகளின் ஐந்தடி. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், கடைவீடுகளின் முன்னே கூரையுடன் கூடிய தொடர் நடைவழி விட வேண்டும் என விதித்தார். அவ்வழக்கம் தீபகற்ப நகரங்களுக்கும் பரவியது. மேல்மாடியே கூரையாவதால் வெயிலும் திடீர் மழையும் வாணிகத்தைக் கலைப்பதில்லை. மழைக்கு ஒதுங்கியவரும் சில வேளை வாடிக்கையாளராகிவிடுகிறார்!

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸின் 'லிட்டில் இந்தியா'வை 2010 அக்டோபர் 27ஆம் நாள் மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் திறந்து வைத்தனர். துன் சம்பந்தன் சாலை அலங்கார வளைவுகளைப் பெற்றது. எனினும், கடைகளுக்கு வளைவைவிட நடைபாதையே பெரிது. அதில் மோட்டார் சைக்கிள் நின்றாலோ, கடைக்காரரே சரக்கை அடுக்கினாலோ, கைத்தடி ஊன்றிய மூதாட்டி சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அடுத்த முறை அவர் பேரங்காடிக்குச் சென்றுவிடக்கூடும். சரக்கை வெளியே பரப்பாவிட்டாலோ சிறு வணிகரின் கடை எவர் கண்ணிலும் படாது. இருப்பதோ ஐந்தடிதான், அதில் சரக்குக்கு எவ்வளவு, நடப்பவருக்கு எவ்வளவு?